கப்பலின் கொடியும் குரலும்

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 'குயீன் மேரி 2' என்னும் பெருங்கப்பலின் பின்புறத்தில் அதுவரை விளங்கிய சௌதாம்ப்டன் என்ற துறைமுகப் பெயர் அழிக்கப்பட்டு, பெர்முடாத் தீவுகளின் தலைநகரான ஹாமில்டனின் பெயர் அவ்விடத்தில் தீட்டப்பட்டது. 1840ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பல் செலுத்தி வந்த குனார்ட் கம்பெனியார், தம் மூன்று கப்பல்களையும் பிரிட்டனின் பதிவேட்டிலிருந்து நீக்கிப் பெர்முடாவின் பதிவேட்டில் சேர்த்தபோது, நடுக்கடலில் கப்பல் தலைவரே விவாகம் நடத்தி வைப்பதற்கு அத்தீவின் சட்டம் இடம் தருகிறது என்பதைக் காரணமாகக் கூறினர். பெயர் மாற்றத்தைப் பத்திரிகைகள் எழுதின; பழைய பிரயாணிகள் வருந்தினர். ஆனால் அதே சமயத்தில் கப்பலின் உள்ளே நிகழ்ந்த மற்றொரு மாற்றத்தைக் கவனித்தவர் வெகு சிலரே. ஜி.பி.க்யூ.எம். என்ற அதன் வானொலி அழைப்புக் குறி மறைந்து இஸட்.சி.ஈ.எஃப்.6 என்பது வந்தது. பிரிட்டனுக்குரிய இலக்கங்களால் தொடங்கிய அதன் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் நீங்கி, பெர்முடாவுக்குரிய 310 என்பதைத் தலைப்பில் கொண்ட புதிய எண் அதன் வானொலிக் கருவிகளில் பதிக்கப்பட்டது.

கொடி மாறினால் வானொலியின் எண்ணும் மாறியே தீர வேண்டும் என்னும் இந்த விதி, படகு வாங்கி விற்கும் பலருக்கு அலுவலகத்தார் விதித்த வீண் சிரமமாகவே தோன்றுகிறது. கருவி அதுவே, படகு அதுவே, கடலும் அதுவே. எண்ணை மட்டும் ஏன் மாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடை, கப்பல்கள் ஒன்றையொன்று தூரத்திலிருந்து அறிந்துகொள்வதற்கு மனிதர் இருநூறு ஆண்டுகளாகச் செய்து வந்த முயற்சியின் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை அறிந்தவர் இவ்விதியைச் சிரமமென்று சொல்லமாட்டார் என்பது என் துணிபு.

யுத்தக் கப்பல்கள் கொடிகளால் பேசும் முறை பழமையானது. வணிகக் கப்பல்களுக்கும் அதனை உரியதாக்கியவர், பிற்காலத்தில் கடற்கதைகள் எழுதிப் புகழ் பெற்றவரும், 1824இல் தொடங்கிய முதல் பர்மா யுத்தத்தில் ரங்கூன் ஆற்றில் பணியாற்றியவருமான காப்டன் பிரெடரிக் மாரியட் ஆவார். 1817இல் அவர் வெளியிட்ட சங்கேத நூலில் வணிகக் கப்பல்களுக்கு எண்கள் வகுக்கப்பட்டிருந்தன. கப்பல் தன் எண்ணுக்குரிய கொடிகளை ஏற்றினால், கரையில் தொலைநோக்கியுடன் நிற்பவர் நூலைப் புரட்டி அதன் பெயரை அறிந்துகொள்வார். 1857இல் பிரிட்டிஷ் வர்த்தக நிர்வாகத்தார் வெளியிட்ட வணிகச் சங்கேத நூல் இதனினும் விரிவானது. பதினெட்டுக் கொடிகளே அதில் இருந்தன. எனினும் அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளைத் தெரிவிக்கலாம். அக்கொடிகள் ஆங்கில மெய்யெழுத்துக்களை மட்டுமே குறித்தன. உயிரெழுத்துக்களைச் சேர்த்தால் ஏதேனும் ஒரு பாஷையில் அவச்சொல் தோன்றிவிடக்கூடும் என்று அஞ்சி அவற்றை விலக்கினர் என்பது அக்காலத்தாரின் கருத்தூன்றிய நாகரிகத்துக்குச் சான்று. ஒவ்வொரு கப்பலுக்கும் நான்கு எழுத்துக்கள் அமைந்த ஓர் அடையாளம் அளிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். ஒரே நான்கு எழுத்துக்களைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் கொண்டிருக்கலாம். அதனால் குழப்பம் நேராது. ஏனெனில் அடையாள எழுத்துக்களுடன் தேசக் கொடியையும் கப்பல் ஏற்றியிருக்கும்; பார்ப்பவர் இரண்டையும் சேர்த்தே படிப்பார். எந்தத் தேசத்துக் கப்பல் என்பதைக் கொடி சொல்லும். அத்தேசத்தில் எந்தக் கப்பல் என்பதை எழுத்துக்கள் சொல்லும். அக்கப்பல் வேறு தேசத்தாருக்கு விற்கப்பட்டால் பழைய கொடி இறங்கிப் புதிய கொடி ஏறும். எழுத்துக்களையும் புதிய அரசாங்கம் வகுத்துத் தரும். கண்ணால் காணும் வரையில் இந்த ஏற்பாட்டில் குறை ஏதும் இல்லை.

குறை தோன்றியது, கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து கப்பல்கள் பேசத் தொடங்கியபோது. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்களில் ஏறிற்று. அதனுடன் ஒரு கம்பெனியின் ஆதிக்கமும் ஏறிற்று. கருவி மட்டுமன்று, அதனை இயக்கும் ஊழியரும் மார்க்கோனி கம்பெனியைச் சார்ந்தவரே. பிற முறைகளைக் கையாளும் கப்பல்களுடன் பேசக் கூடாதென்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. 1902ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் சகோதரரான ஹைன்ரிச் இளவரசர் அமெரிக்காவிலிருந்து 'டாய்ச்லாண்ட்' கப்பலில் திரும்பியபோது, அதிலிருந்தவை ஜெர்மானியக் கருவிகள் என்ற ஒரே காரணத்தால் மார்க்கோனி நிலையங்கள் அவருடைய செய்தியை ஏற்க மறுத்தன. இந்த அவமதிப்பின் விளைவாக 1903இல் பெர்லினில் ஒரு மாநாடு கூடியது. 1906இல் மீண்டும் கூடி, எந்த முறைக் கருவியாயினும் கரை நிலையங்கள் கப்பல்களின் செய்தியை ஏற்றாக வேண்டும் என்று விதித்தது. அபாயக் குறியாக எஸ்.ஓ.எஸ். ஏற்கப்பட்டதும் அம்மாநாட்டில்தான்.

ஆயினும் கப்பல்களின் அழைப்புக் குறி இன்னும் கம்பெனியின் முத்திரையைத் தாங்கியே இருந்தது. 'டைட்டானிக்' கப்பலின் குறி எம்.ஜி.ஒய்.; அதன் பிரயாணிகளில் உயிர் தப்பியோரைக் கரை சேர்த்த 'கார்பேத்தியா'வின் குறி எம்.பி.ஏ. முதலெழுத்தாகிய எம் என்பது மார்க்கோனியைக் குறித்ததேயன்றி, எந்தத் தேசத்தையும் குறித்ததன்று. 1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியது. அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் லண்டனில் கூடிய மாநாடு, அழைப்புக் குறிகளைத் தேசங்களுக்குப் பங்கிட்டுத் தரும் முறைக்கு உருவம் தந்தது. எந்த எழுத்தால் தொடங்கும் குறிகள் எந்தத் தேசத்துக்கு உரியன என்பதை ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்த சர்வதேசக் காரியாலயம் வகுத்து வெளியிட்டது. இந்தியாவுக்கு வாய்த்தவை வி.டி. முதல் வி.டபிள்யூ. வரையிலான தொடர்கள்; நம் சென்னைக் கடற்கரை வானொலி நிலையம் வி.டபிள்யூ.எம். என்ற குறியால் கப்பல் ஊழியரிடையே அறியப்பட்டது. இருளில் தேசக் கொடியைக் காண இயலாது. நூறு மைல் தூரத்திலும் காண இயலாது. ஆகவே அக்கொடியை அழைப்புக் குறியின் முதல் எழுத்துக்களுக்குள்ளேயே அமைத்துவிட்டனர்.

1927இல் வாஷிங்டன் மாநாடு கப்பல்களுக்கு நான்கெழுத்துக் குறி என்று நிச்சயித்தது. 1934இல் நடைமுறைக்கு வந்த புதிய சர்வதேசச் சங்கேத நூலோடு, கொடியால் காட்டும் அடையாளமும் வானொலியால் ஒலிக்கும் அடையாளமும் ஒன்றாயின. அதன்பின் ஒரு கப்பல் தேசம் மாறினால், அதன் வானொலி அதிகாரிக்குப் புதிய குறி எழுதிய ஒரு காகிதம் வந்து சேரும். அவர் அதைத் தம் மேஜையின் எதிரே ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை தந்திச் சாவியைத் தட்டும்போது பழைய எழுத்துக்களுக்குப் பதிலாகப் புதியவற்றைத் தட்டுவார். குறி கருவியில் இல்லை. மனிதரின் விரலில் இருந்தது. அதனை மாற்றுவதற்குத் திருப்புளியும் வேண்டியதில்லை, கடவுச் சொல்லும் வேண்டியதில்லை.

அத்தகைய மாற்றங்களோ அக்காலத்தில் பெருகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த நாளில், 1922ஆம் ஆண்டு, 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்' என்ற இரு பிரயாணிக் கப்பல்கள், பிரயாணிகளுக்கு மது வழங்கும் பொருட்டே பனாமாவின் கொடிக்கு மாறின. லைபீரியா 1948இல் தன் பதிவேட்டை அந்நியக் கப்பல்களுக்குத் திறந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அச்சிறு தேசத்தின் பெயரால் ஓடிய கப்பல்கள் பிரிட்டனின் கப்பல்களை விஞ்சின. கொடியை நாளொரு வண்ணம் மாற்றித் திரிவதற்குத் தடையாக, கப்பல் ஒரே ஒரு தேசத்தின் கொடியின் கீழ்தான் செல்ல வேண்டும்; உரிமையோ பதிவோ மெய்யாகவே மாறினாலன்றி, யாத்திரையின் இடையிலும் இடைத் துறைமுகத்திலும் கொடியை மாற்றலாகாது என்று 1958ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை விதித்தது. 1982ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் அதனை உறுதி செய்தது.

மனித விரலிலிருந்து அடையாளம் கருவிக்குள் குடிபுகுந்தது 1980களில். இரவும் பகலும் கேட்கும் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஊழியருக்குப் பதிலாக, இயந்திரமே இயந்திரத்தை அழைத்து எழுப்பும் முறையை அமைக்க வேண்டும் என்று உலகக் கடல்துறை நிபுணர் முடிவு செய்தனர். அதற்கு எழுத்துக்களைவிட எண்களே பொருத்தம்; கரையிலுள்ள தொலைபேசியிலிருந்து கப்பலை நேரே அழைக்கவும் எண்ணே வேண்டும். இவ்வாறு பிறந்ததே ஒன்பது இலக்கங்கள் கொண்ட எம்.எம்.எஸ்.ஐ. என்னும் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தைக் குறிக்கும்: 2இல் தொடங்கினால் ஐரோப்பா, 3 வட அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும், 4 ஆசியாவின் பெரும்பகுதி, 5 தென்கிழக்கு ஆசியாவும் பசிபிக் தேசங்களும், 6 ஆப்பிரிக்கா, 7 தென் அமெரிக்கா. இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417, பிரிட்டனுக்கு 232 முதல் 235 வரை. சில தேசங்களின் தொலைபேசி அமைப்புக்கள் ஆறு இலக்கங்களுக்கு மேல் கையாள இயலாதவையாக இருந்தமையால், தூர சமுத்திரங்களில் ஓடும் கப்பல்களின் எண்கள் மூன்று பூஜ்யங்களில் முடிய வேண்டியதாயிற்று. அங்ஙனம் முடியும் எண்கள் ஒரு தேசக் குறிக்கு ஆயிரம் மட்டுமே கிடைக்கும். ஆகவேதான் கப்பல்கள் மிகுந்த பனாமாவுக்குப் பத்துக்கும் மேற்பட்ட தேசக் குறிகள் வழங்க நேர்ந்தது.

1988இல் ஏற்கப்பட்டு, 1992 பிப்ரவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்து, 1999 பிப்ரவரி முதல் நாளன்று நிறைவெய்திய ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்னும் உலகக் கடலபாய அமைப்பு இவ்வெண்ணையே தன் அஸ்திவாரமாகக் கொண்டது. அதன்படி, கருவியில் மூடியிட்டுக் காத்த ஒரு சிவந்த பொத்தான் இருக்கும். கப்பல் அபாயத்தில் சிக்கினால் அதனை அழுத்த வேண்டியதுதான். அடுத்த கணத்தில் 156.525 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது 70ஆம் தடத்தில், கப்பலின் எண், அது இருக்கும் இடம், நேரம், அபாயத்தின் தன்மை ஆகியவை ஒரு சிறு சங்கேதமாகப் பறந்து சென்று, அருகிலுள்ள கப்பல்களிலும் கரையிலும் மணியடிக்கும். பேசுவதற்கு வாயும் வேண்டாம், பாஷையும் வேண்டாம். தீயும் புகையும் சூழ்ந்த இடத்தில் மூச்சு முட்டி நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் விஞ்ஞானம் செய்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமே.

ஆனால் அச்சங்கேதத்தில் கப்பலின் பெயர் இல்லை. எண் மட்டுமே இருக்கிறது. எண்ணைக் கண்ட மீட்பு நிலையத்தார் அதன் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு தேசத்தை அறிந்து, அத்தேசத்தின் பதிவேட்டிலோ சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பட்டியலிலோ தேடி, படகின் பெயர், நீளம், நிறம், அதில் செல்லக்கூடிய ஆட்களின் தொகை, கரையிலுள்ள உறவினரின் தொலைபேசி ஆகியவற்றைப் பெறுகிறார்கள். பிரிட்டனில் பதிவாகியிருந்த ஒரு பாய்மரப் படகை இந்தியர் ஒருவர் வாங்கி, நம் நாட்டுப் பதிவேட்டில் சேர்த்து, பெயரையும் மாற்றி, வானொலியை மட்டும் பழைய 235 தொடங்கும் எண்ணுடனேயே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கக் கடலில் அவர் அபாயப் பொத்தானை அழுத்தினால், சென்னையிலுள்ள கடலோரக் காவற்படையின் மீட்பு நிலையம் பிரிட்டனை விசாரிக்கும். அங்குள்ள பழைய பதிவில் பழைய சொந்தக்காரரின் தொலைபேசி எண் இருக்கும். அவரோ தாம் சுகமாக வீட்டில் இருப்பதாகவும், படகை விற்றுப் பல மாதங்கள் ஆயின என்றும், அதன் இன்றைய பெயரைத் தாம் அறியார் என்றும் உரைப்பார். அழைப்பு மெய்யா பொய்யா என்ற சந்தேகத்தில் கழியும் அந்த நிமிஷங்கள் ஒரு மனிதரின் உயிருக்குரியவை. பழைய எண்ணை அந்நாட்டார் ரத்து செய்து, காலப்போக்கில் வேறொரு படகுக்கு வழங்கிவிட்டாலோ, ஒரே எண் இரண்டு கடல்களிலிருந்து கூவும்.

இத்தனை முக்கியமான எண்ணை எவரும் எளிதில் மாற்ற இயலாதபடி கருவிகளைப் பூட்டி வைத்தது இயல்பே. சிறு படகுகளுக்குரிய வி.எச்.எஃப். வானொலிக் கருவிகளில், சொந்தக்காரர் முதன்முறை எண்ணைத் தாமே பதிக்கலாம். பதித்து உறுதி செய்துவிட்டால் கருவி பூட்டிக்கொள்ளும். சில கருவிகள் இரண்டாம் முறைக்கு இடம் தருவதும் உண்டு. அதன் பின் மாற்ற வேண்டுமானால், உற்பத்தியாளரிடமோ அவரால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ கருவியைக் கழற்றி அனுப்பி, உரிமப் பத்திரத்தைக் காட்டி, பழைய எண்ணை அழித்து வாங்க வேண்டும். கட்டணமும் காத்திருப்பும் பொறுக்காமல் பழைய கருவியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோரும் இருக்கிறார்கள். அதைவிடக் கொடிது, ஒன்றும் செய்யாமல் பழைய எண்ணுடனேயே கடலுக்குப் போவது. பூட்டு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் பதிவுச் சான்றைக் காட்டியவருக்குத் துறைமுகத்திலேயே, அன்றைய தினமே, சொற்பச் செலவில் பூட்டைத் திறந்து கொடுக்கும் ஏற்பாட்டை உற்பத்தியாளர் செய்திருந்தால், தவறான எண்ணுடன் திரியும் படகுகள் எவ்வளவோ குறைந்திருக்கும்.

கொடி மாறாமலே எண் மாற வேண்டிய விசித்திர நிலையும் அமெரிக்காவில் உண்டு. அங்கே உள்நாட்டு நீரில் மட்டும் செல்லும் உல்லாசப் படகுகளுக்கு 'போட் யு.எஸ்.' போன்ற சங்கங்களே எண் வழங்குகின்றன. அவ்வெண்கள் அமெரிக்கக் கடலோரக் காவற்படைக்குத் தெரியும். சர்வதேசப் பட்டியலில் ஏறுவதில்லை. அப்படகு பஹாமாவுக்கோ கனடாவுக்கோ செல்ல விரும்பினால், மத்தியத் தகவல்தொடர்புக் கமிஷனிடம் உரிமமும் வேறு எண்ணும் பெற்று, பூட்டிய கருவியைத் திறப்பிக்கும் சடங்கு முழுவதையும் அனுசரிக்க வேண்டும்.

குரல் இவ்வாறு கொடியோடு மாறிக்கொண்டே இருந்தால், கப்பலை அறிவதற்கு நிலையான அடையாளமே இல்லையா? உண்டு. 1854ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பற் சட்டம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண்ணை அளித்து, அதனைப் பிரதான உத்தரத்தில் செதுக்கச் செய்தது. பெயர் மாறினாலும் அவ்வெண் மாறாது. ஆனால் பிரிட்டிஷ் பதிவேட்டை விட்டு நீங்கிய கப்பலுக்கு அது பயன்படவில்லை. அக்கருத்தை உலகம் முழுமைக்கும் விரித்து, 1987இல் சர்வதேசக் கடல்துறை ஸ்தாபனம் ஏழு இலக்க எண்ணை ஏற்றது. 1996 முதல் அது கட்டாயமாயிற்று. 'குயீன் மேரி 2' கப்பலின் எண் 9241061. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 111 வரும். அதன் கடைசி இலக்கமாகிய 1 என்பதே எண்ணின் ஏழாம் இலக்கம். தவறாக எழுதிய எண்ணை இக்கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உடைக்கப்படுவதற்காகக் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வரும் முதிய கப்பல்கள், கடைசி யாத்திரைக்கென்றே கொமோரோஸ், பலாவு, செயிண்ட் கிட்ஸ் போன்ற தேசங்களின் கொடியை ஏற்று, அழைப்புக் குறியையும் வானொலி எண்ணையும் மாற்றிக்கொண்டு வருவதுண்டு. அப்போதும் மேனியில் பொறித்த ஏழு இலக்கங்கள் மாறுவதில்லை. கப்பலின் உடலுக்கு ஓர் எண், அதன் குரலுக்கு ஓர் எண் என இரண்டு வேண்டியிருப்பது, உடல் எது என்பதும் அதற்காகப் பொறுப்பேற்கும் அரசு எது என்பதும் வெவ்வேறு கேள்விகள் ஆனமையாலேயே.

பெருங்கப்பல் ஒன்று கொடி மாறும்போது எண்ணைத் திருத்த வேண்டிய இடங்கள் பல: வி.எச்.எஃப். கருவி, மத்திய அலை மற்றும் சிற்றலைக் கருவி, செயற்கைக்கோள் வழியே பேசும் இன்மார்சாட் பெட்டி, அண்டையிலுள்ள கப்பல்களுக்கெல்லாம் தன்னை அறிவித்துக்கொண்டேயிருக்கும் ஏ.ஐ.எஸ். ஒன்றில் மறந்தாலும் கப்பல் ஒரே வேளையில் இரண்டு தேசங்களின் பெயரால் பேசும். இவையெல்லாம் அன்றாடம் கையாளப்படுபவையாதலால் பிழை விரைவில் வெளிப்பட்டுவிடும். வெளிப்படாமல் பதுங்கியிருப்பது, மாலுமிகள் ஈபர்ப் என்று அழைக்கும் அபாய மிதவையில் நேரும் பிழையே. கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் அச்சிறு கருவி, கப்பல் மூழ்கினால் நீரின் அழுத்தத்தால் தானே விடுபட்டு மேலெழுந்து, 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் செயற்கைக்கோளை நோக்கிக் கூவும். 1982இல் தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அக்கூவலைக் கேட்டு, அபாயம் நிகழ்ந்த இடத்துக்குரிய மீட்பு நிலையத்துக்கும், சங்கேதத்தில் பொதிந்த மூன்று இலக்கம் குறிக்கும் தேசத்துக்கும் செய்தி அனுப்பும். சங்கேதத்தில் கப்பலின் வானொலி எண்ணுக்குப் பதிலாகக் கருவியின் வரிசை எண்ணே இருந்தாலும், தேசக் குறி அதில் இருந்தே தீரும். ஆகையால் கொடி மாறினால் அதனையும் தகுதி பெற்ற பணிமனைக்குக் கொண்டு சென்று புதிய குறியைப் பதித்து, புதிய தேசத்தாரிடம் பதிவு செய்ய வேண்டும். கருவியின் மேல் ஒட்டிய சீட்டிலுள்ள பதினைந்து எழுத்துக்களும், உள்ளிருந்து வெளிப்படும் சங்கேதமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத் தம் கருவியால் ஒத்துப் பார்த்த பிறகே, பரிசோதகர் கப்பலின் வானொலிச் சான்றிதழில் கையெழுத்திடுகிறார்.